ஆண்டறிக்கை 2025: கிரகணமும் டம்மி ராஜாவும்

தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பார், நூலக அலமாரி விஷயம் இன்னும் இழுவையிலதான் இருக்கு, அதனால நான் நேரா கூட்டங்களுக்கு வந்துடறேன்.

செப்டம்பர் 7 ராத்திரி மொட்டைமாடியில முழு சந்திர கிரகணம் பாத்தோம்ல, அப்போ ஒருத்தர் ‘அந்தக் காலத்து ராஜாக்கள் இதுக்கு நடுங்குவாங்களாமே’ன்னு கேட்டார், அதுக்கப்புறம் வருஷம் பூரா அந்தப் பேச்சுதான்.

நெஜமாவே நடுங்கியிருக்காங்க. கி.மு. 7ஆம் நூற்றாண்டு அசீரியாவுல (இன்னைக்கு வடக்கு ஈராக் பக்கம்) நிலாவ நாலு பங்கா பிரிச்சு அக்காது, ஏலாம், அமுர்ரு, சுபர்த்துன்னு நாட்டுக்கொரு பங்கு எழுதி வச்சிருந்தாங்க, எந்தப் பங்கு இருட்டுதோ அந்த நாட்டு ராஜாவுக்கு கேடு, அந்நேரம் வியாழன் கிரகம் தெரிஞ்சா மட்டும் தப்பிச்சார். (நாம பாத்த அன்னைக்கு நிழல் விலகுன பிறகுதான் வியாழன் எழுந்துச்சு, நல்லவேளை நம்ம தலைவர் ராஜா இல்ல.) கேடு உறுதின்னா ஒரு ஆள டம்மி ராஜாவா உக்கார வச்சு, சகுனத்த அவன் தலையில ஏத்தி, அதிகபட்சம் 100 நாள்ல அவன கொன்னுடுவாங்க. அதுவரைக்கும் அசல் ராஜா எசர்ஹாத்தோனுக்கு போற கடிதமெல்லாம், அவர் இப்ப ராஜா இல்லைன்னு காட்ட, ‘விவசாயிக்கு’ன்னுதான் போகும்!

கி.மு. 671ல அப்படி செத்தது தம்கி, சாதாரண ஆள் இல்ல, அக்காது கோயில் நிர்வாகியோட பையன், கூடவே அவனுக்கு ராணியா வச்ச பொண்ணும் செத்துச்சு. இங்கதான் நம்ம கூட்டத்துல வாய்த்தகராறு. பயம்தான்னு சிலர், பெரிய இடத்தக் கிள்ளி எறிய சாக்குன்னு சிலர். எனக்கென்னவோ ரெண்டும் கலந்ததாத்தான் படுது, பயம் இல்லாத ஊர்ல சாக்கு எடுபடாதே. அந்த சாவுக்கு அக்காது ஜனங்க மெரண்டு போய் அதிகாரிங்க தைரியம் சொல்ல வேண்டியிருந்துச்சுன்னு ராஜாவுக்குப் போன கடிதத்துலயே இருக்கு.

அசீரியாவுக்கு தெற்க இருந்த பாபிலோன்காரங்க இன்னொரு வேலையும் பண்ணாங்க, பல நூறு வருஷமா கோள் நிலவரத்தோட சேத்து ஒரு ஷெக்கல் (அந்தக் காலத்து எடை) வெள்ளிக்கு எவ்ளோ பார்லி, பேரீச்சை, எள்ளு, கம்பளி கிடைக்கும், யூப்ரடீஸ் ஆத்துல எவ்ளோ தண்ணின்னு ஒரே களிமண் பலகையில எழுதி வச்சாங்க. ராஜாவுக்கு நிலா, ஜனத்துக்கு பார்லி வெல.

சீனா பத்தி ஒரு கூட்டம்தான் முடிஞ்சது. ஹான் வம்சத்து வென் சக்கரவர்த்தி கி.மு. 178ல சூரிய கிரகணம் வந்ததும் தப்பு என்னோடதுதான், என் குறைய சொல்லுங்கன்னு ஆணை போட்டாராம், டம்மி ஆள கொல்றதுக்கு இது எவ்வளவோ தேவல.

மீதி சீனாவ வர்ற வருஷத்துக்கு வச்சிருக்கோம், புது செயலாளர் பாத்துக்குவார். அறிக்கைய பொதுக்குழு ஏத்துக்கணும்னு கேட்டுக்கறேன்.

– செயலாளர்