மால்டாவுக்குக் குழு அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து சிசிலி, மால்டா என்று குழுவாக ஆட்களை அழைத்துச் செல்லும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போன மாதம் நானும் என் அக்காவும் போய்வந்த பயணத்தை நடத்தியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. அவர்களிடம் நேரில் இரண்டு முறை சொல்லியாயிற்று. "அடுத்த முறை பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று இரண்டு முறையும் சிரித்த முகத்தோடு பதில் வந்தது. அக்காவுக்கு வயது எழுபத்தொன்று. அடுத்த முறை என்று ஒன்று அவருக்கு இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். இம்ஜார் ஊரில் இருக்கும் தா ஹஜ்ராத், பக்கத்தில் இருக்கும் ஸ்கோர்பா, இந்த இரண்டு கற்கோயில்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாது என்றால் அவற்றின் பெயரை உங்கள் பயணத்திட்டத்தில் அச்சிடாதீர்கள்.

அன்று நடந்தது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்காது. காலையில் இம்தினா கோட்டை, மதியம் கடற்கரை ஊர் ஒன்றில் நம் ஊர்ச் சாப்பாடு. அட்டவணையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. முப்பத்து நான்கு பேருக்குச் சாம்பார் சாதம் வர நேரமாகும், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போன நேரத்தை எங்கே பிடித்தார்கள் என்பதுதான் கேள்வி. சாப்பாட்டுக்கு அடுத்து இருந்த நினைவுப்பொருள் கடையில் பிடிக்கவில்லை. மாலையில் போக இருந்த, பழைய சினிமாப் படப்பிடிப்புக்காகக் கட்டிய மரக் கிராமத்தில் பிடிக்கவில்லை. அட்டவணையில் முக்கால் மணி நேரம் என்று இருந்த தா ஹஜ்ராத்தில் பிடித்தார்கள். அரை மணி நேரம் என்று இருந்த ஸ்கோர்பாவில் பிடித்தார்கள்.

இம்ஜாரில் மாதா கோயில் எதிரே பஸ் நின்றது. அந்தக் கோயிலைப் பற்றி வழிகாட்டி நன்றாகவே சொன்னார். ஊர்க்காரர்கள் கோழிமுட்டை விற்ற காசைச் சேர்த்துக் கட்டியது, கோபுரமும் முட்டை வடிவில்தான் இருக்கிறது என்று சொல்ல எல்லோரும் ரசித்தோம். அதே மூச்சில், "பழைய கோயில் அதோ அந்தப் பக்கம். இருபது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். சின்ன இடம்தான், பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வார்த்தையை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

தா ஹஜ்ராத்தின் பெரிய கோயில் கி.மு. 3600 வாக்கில் எழுந்தது. கீசாவின் பெரிய பிரமிடு அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. கட்டியவர்களிடம் செம்பும் இல்லை, இரும்பும் இல்லை. கல்லைக் கல்லாலேயே செதுக்கி, ஆளுயரத்துக்கு மேற்பட்ட பாறைகளை நிமிர்த்தி, அவற்றின் தலையில் இன்னொரு பாறையை ஏற்றி வாசல் அமைத்தார்கள். சின்ன இடம் என்பது உண்மைதான். படியேறி அந்த வாசலுக்குள் நுழைந்தால் கல் பாவிய ஒரு முற்றம், அதைச் சுற்றி மூவிலை போலப் பிரியும் அரைவட்ட அறைகள், அவ்வளவுதான். நிதானமாகச் சுற்றினாலும் நூறு தப்படிக்கு மேல் இராது. ஆனால் சின்ன இடம் என்பதற்காகவா அதை யுனெஸ்கோ 1992-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது?

அக்கா முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். நம் ஊரில் பெருங்கற்காலம் என்றால் கல்திட்டை, கல்வட்டம், முதுமக்கள் தாழி என்று எல்லாம் ஈமச்சின்னங்களாகவே இருக்கும். அவை இரும்பு அறிந்த மக்களுடையவை. அதற்கும் முன்னால், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு சின்னத் தீவில், உலோகமே தெரியாத உழவர்கள் இறந்தவர்களுக்காக அல்லாமல் வழிபாட்டுக்கென்றே பெருங்கற்களை அடுக்கினார்கள் என்பதை எங்கோ படித்த நாளிலிருந்து அக்காவுக்கு அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து நாலு ஆண்டு சேர்த்தார். இடையில் ஒரு முழங்கால் அறுவைச் சிகிச்சை வந்து சேமிப்பில் பாதியைக் கொண்டுபோனது. மறுபடி சேர்த்தார். ஐரோப்பாவில் எத்தனையோ ஊர் இருக்க, உங்கள் பயணத்திட்டங்களை விரித்துவைத்து இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்: "தா ஹஜ்ராத், ஸ்கோர்பா பெருங்கற்காலக் கோயில்கள்."

முதல் நாள் மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், தா ஹஜ்ராத்தில் கிடைத்த ஒரு சின்னக் கல் உருவம் இருக்கிறது. உயரம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. சுவர், வாசல், மேற்கூரை என்று ஒரு கட்டடத்தை அப்படியே குறுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். இன்று அந்தக் கோயில்களில் எதற்கும் கூரை இல்லை. கூரை எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்பவர்களுக்கு இந்தக் கட்டைவிரல் அளவுக் கல் ஒரு சாட்சி. அக்கா அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றார். நோட்டை எடுத்துப் பென்சிலால் வரைந்துகொண்டார். "நாளைக்கு அந்த வாசலுக்கு நேரே நின்று, இதைப் பக்கத்தில் வைத்து, அடுத்த பக்கத்தில் அதை வரையப்போகிறேன்" என்றார். அன்றிரவு பென்சிலைச் சீவி வைத்துவிட்டுத்தான் தூங்கினார்.

மறுநாள் இருபது நிமிடம் என்று சொல்லப்பட்டபோது அக்கா எதுவும் பேசவில்லை. பஸ் படியிலிருந்து இறங்கவே அவருக்கு இரண்டு நிமிடமாகும். மற்றவர்கள் விறுவிறுவென்று நடந்துவிட்டார்கள். நாங்கள் கைத்தடியோடு, ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்து, கொஞ்சம் நின்று, மறுபடி நடந்து, கம்பிவேலிக் கதவைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்ந்தபோது பதினொரு நிமிடம் போய்விட்டது. திரும்பி நடக்கவும் அதே பதினொரு நிமிடம் வேண்டும் என்று கணக்குப் போட்டால், நாங்கள் உள்ளே நுழைந்தபோதே எங்கள் நேரம் முடிந்துவிட்டது.

அதற்குள் எங்கள் குழுவினரில் சிலர் முன்வரிசைக் கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏறக்கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிய இடத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? இதே தீவில் இம்னாய்ட்ரா கோயிலில் 2001-இல் இரவோடு இரவாகக் கற்களைப் பெயர்த்துத் தள்ளியவர்கள் விஷமிகள். அறியாமல் மிதிப்பவர்களால் அழிவது அதைவிட மெதுவாக நடக்கும், அவ்வளவே வேறுபாடு. பஸ்ஸில் ஒலிபெருக்கி இருந்தது. "கற்களின் மேல் ஏறாதீர்கள், சாயாதீர்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அக்கா வாசலுக்கு நேரே நின்று நோட்டைத் திறந்தார். முதல் கோடு போட்டார். என் கைபேசி அடித்தது. "எல்லோரும் ஏறிவிட்டார்கள் சார். உங்கள் ஒருவருக்காகத்தான் பஸ் நிற்கிறது." இன்னும் ஐந்து நிமிடம் என்று கேட்டேன். வண்டியை அங்கே அதிக நேரம் நிறுத்த முடியாது என்றார்கள். அக்கா நோட்டை மூடிவிட்டு, "வா தம்பி, நம்மால் அவர்களுக்கு நேரமாக வேண்டாம்" என்றார். அந்த வாசற்படியில் கால் வைக்காமலே திரும்பினோம். பஸ்ஸில் ஏறியபோது பின்னிருக்கையிலிருந்து ஒருவர் கைதட்டினார்.

ஸ்கோர்பாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அங்கே பஸ் நிற்கவே இல்லை. "இடது பக்கம் பாருங்கள், கல் தெரிகிறதா, அதுதான்" என்றார்கள். நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த "அதுதான்" எது என்று இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். 1960-களின் தொடக்கத்தில் டேவிட் டிரம்ப் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டினார். கோயிலுக்குக் கீழே ஒரு கிராமம் கிடைத்தது. கி.மு. 5000 வாக்கில் எழுப்பிய ஒரு சுவர், குடிசைகளின் தரை, கருகிப்போன பார்லியும் பருப்பும், களிமண்ணில் பிடித்த சின்னப் பெண் உருவங்கள். சாம்பல் நிறப் பானை ஒரு காலம், சிவப்புப் பானை அதற்கடுத்த காலம் என்று அங்கே கிடைத்த ஓடுகளை அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் மால்டாவின் வரலாற்றுக்கு முந்திய காலவரிசையே திருத்தி எழுதப்பட்டது. அந்தக் காலங்களில் இரண்டுக்கு ஸ்கோர்பாவின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. உயரமான கற்கள் சிலதான் இன்று நிமிர்ந்து நிற்கின்றன, மற்றவை தரைமட்டம். நின்று, தரையைப் பார்த்து, ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் புரியும் இடம் அது. அதைப்போய் ஓடும் வண்டியின் கண்ணாடி வழியே காட்டினார்கள்.

வழிகாட்டியை நான் நோகவில்லை. இளைஞர். அவருக்கு யார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்? தா ஹஜ்ராத்தை 1920-களில் தோண்டி வெளிக்கொணர்ந்த தெமிஸ்டோக்கிளஸ் சாமிட், தொழிலால் மருத்துவர். மால்டா காய்ச்சல் ஆட்டுப்பாலிலிருந்து பரவுகிறது என்று கண்டுபிடித்தவரும் அவரே. இப்படி ஒரு கதையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்திருந்தால், முட்டைக் கோயிலைச் சொன்ன அதே சுவையோடு இதையும் சொல்லியிருப்பார். ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. எந்தக் கடையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற தாள் மட்டும் முதல் நாளே எல்லோர் கையிலும் இருந்தது. பத்து நாளில் கடைகளுக்குப் போன நேரத்தை நான் குறித்துவைத்திருக்கிறேன்; பதினோரு மணி நேரம். நாங்கள் கட்டிய பணம் ஊர் பார்க்கவா, உங்கள் தரகுக்கு ஆள் சேர்க்கவா? வயதானவர்கள் என்றால் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் போதும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? எங்களுக்கும் ஆசை உண்டு. படித்ததைக் கண்ணால் பார்க்கும் ஆசை எழுபது வயதில்தான் பலருக்குக் கைகூடுகிறது, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு.

மன்னிக்கவும். கோபம் வேண்டாம் என்றுதான் அக்கா சொன்னார். இந்த மடலை எழுதவே வேண்டாம் என்றுகூடச் சொன்னார்.

கேட்க வந்ததை மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். இரண்டு இடங்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொடுங்கள். போகும் நாளில் அவை திறந்திருக்கின்றனவா, எத்தனை பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடுவார்கள் என்று முன்பே கேட்டு, குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முட்டைக் கோயிலைப் பார்க்கும்போது மறு பாதியைக் கற்கோயிலுக்கு அனுப்புங்கள். மெதுவாக நடப்பவர்களை முதல் பாதியில் அனுப்பினால் அவர்களுக்காக மற்றவர்கள் காத்திருக்கவும் நேராது. ஹல் சஃப்லியேனி பாதாளக் கல்லறைக்கு ஒரு நாளைக்கு எண்பது பேர்தான் என்பதால் மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுக்கிறீர்கள் அல்லவா? அந்த அக்கறையில் கால்வாசி போதும். இறங்கும் முன் கல்லில் ஏறவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் இடமில்லை என்றால், அந்த இரண்டு பெயரையும் எடுத்துவிடுங்கள். "மால்டா: கடற்கரை, கடைகள், மரக் கிராமம்" என்று போடுங்கள். அதற்கும் ஆள் வருவார்கள், அதில் தவறும் இல்லை. கற்கோயிலுக்காகக் காசு சேர்ப்பவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள்.

நவம்பரில் புறப்படும் குழுக்களுக்கான பயணத்திட்டம் இன்னும் சில வாரங்களில் அச்சுக்குப் போகும் என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். யார் முதலில் அந்த இரண்டு மணி நேரத்தை எழுத்தில் தருகிறீர்களோ, அவர்களிடம் சேர்வதற்கு எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நன்றியுடனும் வருத்தத்துடனும்,
உங்கள் பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பயணி
திருச்சிராப்பள்ளி