22ஆம் எண் வண்டியைப் பற்றி

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சொல்லக் காரணங்கள் இருந்தாலும், அவற்றைச் சொல்லி உன்னிடம் தப்பிக்க முடியாது என்பதால் மன்னித்துக்கொள் என்று மட்டும் கேட்கிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உன்னைப் பற்றி விசாரித்தார். பாலு அண்ணன் மகளுக்கு ஆவணியில் திருமணம்; பத்திரிகை உனக்கும் வரும். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதத் தூண்டியது வேறு ஒன்று. 2015 முதல் நாம் சலிக்காமல் சண்டை போட்டுவரும், பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஓடிய அந்த நிஸ்ஸான் ஜிடி-ஆர் எல்எம் நிஸ்மோ வண்டியைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் வாதாடியதில் பாதி தவறு என்று போன சனிக்கிழமை எனக்குப் புரிந்தது.

யாழினி இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து மின்சாரப் பந்தய வண்டி ஒன்றைக் கட்டுகிறார்கள். அதில் பிரேக் அவள் பொறுப்பு. பின்சக்கரங்களை ஓட்டும் மோட்டாரே வேகம் குறையும்போது ஜெனரேட்டராக மாறிப் பிரேக் வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு, பின்பக்க டிஸ்க்குகளைச் சிறியதாகவும் மெல்லியதாகவும் செய்துவிட்டார்கள். மோட்டாரை இயக்க வெளியில் வாங்கிய கன்ட்ரோலரில் அந்த வசதி கடைசிவரை ஒழுங்காக வேலை செய்யவில்லை. போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டதே என்று அதை அணைத்துவைத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அவள் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். சூட்டில் நிறம் மாறிப்போயிருந்தது: உராயும் பட்டையை ஒட்டி மயில்கழுத்து நீலம், உள்ளே வரவர ஊதா, நடுத் துளையருகே வைக்கோல் மஞ்சள். கண்ணாடிப் பலகைமேல் வைத்து விரலால் தொட்டால் டக்டக்கென்று ஆடியது. "அப்பா, நாங்க மோட்டாரை நம்பி டிஸ்க்கைச் சின்னதாக்கிட்டோம்" என்றாள். எனக்கு உடனே நிஸ்ஸானின் 22ஆம் எண் வண்டி நினைவுக்கு வந்தது.

உனக்கு நினைவிருக்கும், 2015 ஜூன் 13, சனிக்கிழமை. லெ மானில் பிற்பகல் மூன்று மணிக்குக் கொடி அசைந்தபோது நமக்கு மாலை ஆறரை. உன் அறையில் ஞாயிறு மாலை ஆறரை வரை நாம் தூங்காமல் கிடந்ததும், அந்த உப்புமாவும், விடியற்காலையில் பாலு அண்ணன் கதவைத் தட்டிக் கேட்ட கேள்வியும் இன்றும் அப்படியே இருக்கின்றன. எல்லாரும் போர்ஷேயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் அந்த நீளவாக்கு நோட்டில் மூன்று நிஸ்ஸான்களின் சுற்று நேரங்களைக் குறித்துக்கொண்டே இருந்தாய். மாட்டைப் போல எஞ்சினை முன்னால் பூட்டிய வண்டி என்று அதைப் பழித்துக்கொண்டே அவ்வளவு அக்கறையாக நீ கணக்கு வைத்ததை நான் அன்றைக்கே கவனித்தேன். உனக்கும் அந்த வண்டிமேல் ஆசை இருந்தது என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்.

வடிவமைப்பே கோணல் என்பாய் நீ. என் வாதம் எப்போதும் ஒன்றாகவே இருந்தது. வடிவமைப்பில் குற்றமில்லை, விளம்பரம்தான் அதைக் கொன்றது என்பேன். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2015 பிப்ரவரி 1ஆம் தேதி, அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பௌலின் விளம்பரத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வண்டியை அறிமுகப்படுத்தினார்கள். அப்போது அது சோதனைகளைக்கூட முடித்திருக்கவில்லை. அடுத்து ஏப்ரலில் சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்கும் போகவில்லை, மே மாதம் ஸ்பா பந்தயத்துக்கும் போகவில்லை. ஆக, அது முதன்முதலாக ஓடிய பந்தயமே லெ மான் 24 மணி நேரம். தேர்வுச் சுற்றில் போர்ஷே 919இல் நீல் யானி 3 நிமிடம் 16.887 வினாடியில் சுற்றி வந்தார். நிஸ்ஸான்களில் வேகமானது எடுத்துக்கொண்டது 3 நிமிடம் 36.995. முதலிடத்தின் நேரத்தில் 110 விழுக்காட்டுக்குள் வராததால் மூன்று வண்டிகளையும் அடுத்த வகுப்பான எல்எம்பி2 வண்டிகளுக்கும் பின்னால் நிறுத்தினார்கள். காலெண்டர்தான் குற்றவாளி, ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்திருந்தால் நிலைமையே வேறு என்று பத்து ஆண்டுகளாக உன்னிடம் கத்திவந்தேன்.

அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், நேரமின்மை என்ற ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கியது எவ்வளவு மேலோட்டமான வாதம் என்று தெரிந்தது. மற்றவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் எஞ்சினை, இதை வடிவமைத்த பென் பௌல்பி எதற்காக முன்னால் வைத்தார் என்பதை மறுபடி யோசித்துப் பார். விதிகள் வண்டியின் பின்பக்கக் காற்றியக்கத்தை இறுக்கிக் கட்டிப்போட்டிருந்தன. முன்பக்கத்தில் சுதந்திரம் அதிகம். எனவே காற்று வண்டியைத் தரையோடு அழுத்தும் கீழழுத்தத்தை முன்னால் உண்டாக்கு, எடையையும் முன்னால் கொண்டுபோ, அதற்கேற்ப முன் டயரை 14 அங்குலமாகவும் பின் டயரை 9 அங்குலமாகவும் வை, குறுகிய பின்பகுதியின் வழியாகக் காற்று குகைக்குள் போவதுபோல் ஓட்டுநரின் இரு பக்கமும் நுழைந்து வெளியேறட்டும் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக ஒழுங்காகப் போகும் சிந்தனை அது. கியர்பாக்ஸ், 3 லிட்டர் வி6 இரட்டை டர்போ எஞ்சின், அதன் பின்னால் ஓட்டுநர். இதில் கிறுக்குத்தனம் எதுவும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். நேர்சாலையில் அந்த வண்டி யாருக்கும் சளைக்கவில்லை என்பதை நீயே பார்த்தாய்.

ஆனால் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒரு சுழல்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அந்தச் சக்கரம் சுழற்சியாகச் சேமித்துவைத்து, முடுக்கும்போது திருப்பித் தர வேண்டும். சுற்றுக்கு 8 மெகாஜூல் ஆற்றல் என்று தொடங்கிய இலக்கு 2க்கு இறங்கி, கடைசியில் அது வேலை செய்யாமலேயே வண்டிகள் பந்தயத்துக்குப் போயின. சக்தி குறைந்ததுதான் நட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சின்ன நட்டம்; பெரிய நட்டம் பிரேக்கில் வந்தது. எடையில் பெரும்பகுதி முன்னால், உந்துவதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம். வேகத்தைக் குறைக்கும் சுமையில் ஒரு பங்கைச் சுழல்சக்கரம் எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அளவெடுத்த முன் பிரேக்குகள், அது இல்லாதபோது அத்தனை வெப்பத்தையும் தாங்களே விழுங்க வேண்டியதாயிற்று. 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றில், முல்சான் நேர்சாலையின் முடிவில், அந்த வேகத்திலிருந்து, 24 மணி நேரமும்! ஓட்டுநர்கள் முன்கூட்டியே காலெடுத்து, வண்டியைத் தாலாட்டி ஓட்டியதன் காரணம் இதுதான். அதாவது, இன்னும் பிறக்காத ஒரு பொருளை நம்பி மற்ற எல்லாவற்றின் அளவையும் முடிவு செய்துவிட்டார்கள். அதை எடுத்துவிட்டால் மீதி வண்டி தன்னால் நிற்க முடியாதபடி வரைந்திருந்தார்கள். இது காலெண்டரின் குற்றமல்ல, வரைபலகையின் குற்றம். இந்த இடத்தில் நீ சொன்னது சரி, செல்வம். மாட்டை முன்னால் பூட்டினாலும் பின்னால் பூட்டினாலும் அந்த வண்டிக்கு அன்று அதே கதிதான்.

ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் மற்ற பாதியை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. 21ஆம் எண் 115 சுற்றோடு சக்கரம் கழன்று நின்றது. 23ஆம் எண் 234 சுற்று ஓடிக் கடைசி நேரத்தில் விழுந்தது. 22 மட்டும், டிங்க்நெல், கிரும், பன்கோம் என்ற மூன்று ஓட்டுநர்கள் கையில், பழுது பார்க்கும் பிட்டுக்குள் மணிக்கணக்கில் கிடந்து, திரும்பத் திரும்ப வெளியே வந்து, 242 சுற்று முடித்துக் கொடியைத் தொட்டது. வென்ற போர்ஷே ஓடியது 395. அதில் 70 விழுக்காடாவது ஓடினால்தான் பட்டியலில் இடம் என்பதால் 22க்கு இடம் இல்லை. அந்த வண்டிகளின் மெக்கானிக்குகளை நினைத்துப் பார். இருபத்து நான்கு மணி நேரமும் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே பழுது பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில், திட்டத்தையே இழுத்து மூடினார்கள். இரண்டாவது பந்தயம் என்று ஒன்று அந்த வண்டிக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

போர்ஷே 919ஐயே எடுத்துக்கொள். 2014இல் அதுவும் லெ மானில் தடுமாறியது. அடுத்த ஆண்டு வந்து வென்றது, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றது. டொயோட்டா 2016இல் வெற்றிக்கு மூன்றே நிமிடம் இருக்கும்போது ஓட்டுநர் நகாஜிமாவின் கையில் சக்தியிழந்து நின்றது. நீ அன்று தொலைபேசியில் பேசவே முடியாமல் இருந்தாய். 2018இல் அதே நகாஜிமா வெற்றிக் கோட்டைக் கடந்தார். பெஷோ 2022இல் பின்சிறகே இல்லாத 9எக்ஸ்8 வண்டியைக் கொண்டுவந்து, அது சரிப்படாமல் போகவே, 2024இல் இமோலா பந்தயத்துக்குச் சிறகு வைத்து வந்தது. தவறைத் திருத்திக்கொள்ள அவர்கள் அனைவருக்கும் நேரம் கிடைத்தது. உன் பிரியமான ஆஸ்டன் மார்ட்டின் ஏஎம்ஆர்-ஒன்னுக்கு அது கிடைக்கவில்லை என்பது எனக்கும் வருத்தமே. 2011இல் லெ மானில் இரண்டு வண்டியும் சேர்ந்து ஓடியது ஆறு சுற்று என்பதை நான் இனி பாலு அண்ணன் முன்னால் சொல்லிக்காட்ட மாட்டேன்.

யாழினியிடம் அன்றிரவே இதையெல்லாம் சொன்னேன். முன்பெல்லாம் 24 மணி நேரப் பந்தயம் என்றால் என்ன என்று வீட்டில் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். 2025 ஜனவரியில் துபாயில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பிரேக் சூடேறச் சூடேற ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை வினாடி போச்சு?" என்னிடம் பதில் இல்லை. பெரிய டிஸ்க் வரும்வரை தங்கள் வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டினால் தாங்கும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். 22ஆம் எண் வண்டி பிட்டிலிருந்து புதிய பிரேக்கோடு வெளியே வந்த சுற்றிலிருந்து அடுத்து உள்ளே போன சுற்று வரை நேரம் எப்படி ஏறியது என்பதை ஒரு கோடாக வரைந்து பார்க்க வேண்டுமாம்.

அந்த நீளவாக்கு நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். 22க்குரிய பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்பு. இரவு இரண்டு மணிக்கு மேல் நான் தூங்கிவிட்டேன் என்று நீ சொல்லிவருகிறாயே, அந்த நேரத்துப் பக்கங்களும் வேண்டும். உன் கையெழுத்து புரியாத இடங்களில் எண்களைத் திரும்ப எழுதி அனுப்பு. அவள் வியாழக்கிழமைக்குள் கேட்கிறாள்.

அன்புடன்,
கதிரேசன்