ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் நீராவி இயந்திர மாதிரி

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் 'ஈவினிங் ஸ்டார்' என்ற நீராவி இயந்திரத்தை அட்டையில் செய்கிறார்கள். இங்கிலாந்தின் தேசிய ரயில் அருங்காட்சியகம் பாதுகாத்துவரும் இயந்திரம் அது, எண் 92220. 1960 மார்ச்சில் சுவிண்டன் பட்டறையிலிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி இயந்திரமும் அதுதான். சரக்கு இழுப்பதற்கென்றே இந்த வகையில் 251 கட்டினார்கள். மற்றவை கறுப்பு, இதற்கு மட்டும் பச்சை வண்ணம், புகைபோக்கிக்குச் செம்பு விளிம்பு. டீசல் பெருகிய காலம். 1965-இலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஐந்து ஆண்டு உழைப்போடு இப்படி ஓர் இயந்திரம் நின்றுபோனது மனத்தை உறுத்துகிறது. மலாயாவிலும் 1957-இல் நெடுந்தொலைவு ரயில்களை இழுக்க டீசல் இயந்திரங்கள் வந்துவிட்டன. செந்தூல் பட்டறையில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால் பிள்ளைகள் அவரிடம் கேட்டு எழுதி வரட்டும்.

மாதிரி, உண்மை அளவில் இருபதில் ஒரு பங்கு. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து இயக்குச் சக்கரங்கள். நிஜத்தில் 5 அடி விட்டம், அட்டையில் 76 மி.மீ. அச்சுக்கு அச்சு 82.5 மி.மீ. சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கும் உள்விளிம்பை 80 மி.மீ. வட்டமாக வெட்டுங்கள். 82-ஐத் தாண்டினால் பக்கத்துச் சக்கரத்தோடு உரசும்.

நடு அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் விளிம்பு கிடையாது. பிள்ளை மறந்துவிட்டான் என்று எண்ணி, தயவுசெய்து நீங்கள் ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் அச்சுக்கும் ஐந்தாம் அச்சுக்கும் இடையே நிஜத்தில் 6.6 மீட்டர். வளைவில் நடுச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் சற்றுப் பக்கவாட்டில் நகர வேண்டும், விளிம்பிருந்தால் முட்டிக்கொள்ளும்.

ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஒன்றாகச் சுழல வைக்கும் இணைப்புத் தண்டுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிக்கொள்ளலாம். தண்டின் துளைகளையும் அச்சுத் துளைகளையும் ஒரே அட்டைத் துண்டை வைத்துக் குறியுங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் அரை மி.மீ. பிசகினால், கடைசிச் சக்கரத்தில் 2 மி.மீ. சேர்ந்து எல்லாம் இறுகிவிடும். சக்கரத்தில் தண்டை மாட்டும் முளைகளில், வலப்பக்க முளைக்கும் இடப்பக்க முளைக்கும் 90 பாகை வித்தியாசம் இருக்கட்டும். ஒரு பக்கத் தண்டு தள்ள முடியாத நிலையில் நிற்கும்போது மறுபக்கம் தள்ளும்.

பெட்டி அட்டை, ஐந்து சத்தே குச்சி, வெள்ளைப் பசை போதும். கத்தியைப் பெரியவர்களே பிடியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை வளையும். வெட்டிய வட்டங்களைக் கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்து அனுப்புங்கள்.

இக்கண்,
தலைமையாசிரியர்
கோலாலம்பூர்