கப் எத்தனை மில்லி என்று அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வார இணைப்பின் சமையல் குறிப்புகளில் 'மைதா 2 கப், வெண்ணெய் 100 கிராம்' என்று ஒரே பட்டியலில் இரண்டு விதமான அளவுகள் வருகின்றன. வீட்டில் பிஸ்கட்டும் கேக்கும் கெடுவதற்கு இது பெரிய காரணம். எல்லாமே கப் கணக்கு என்றால் கவலையில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியையும் உளுந்தையும் டம்ளரால் அளந்தாலும் ஆழாக்கால் அளந்தாலும் விகிதம் மாறாது. ஒன்று கப்பிலும் இன்னொன்று கிராமிலும் வந்தால், அந்தக் கப் எத்தனை மில்லி என்று தெரிந்தே ஆகவேண்டும்.

கடையில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250 மி.லி. பிடிக்கும். எலக்ட்ரிக் ரைஸ் குக்கருடன் வருவது பெரும்பாலும் 180 மி.லி.தான். அதில் 2 கப் மைதா அளந்தால் சுமார் 180 கிராம், 240 மி.லி. கப்பில் 240 கிராமுக்குக் குறையாது. வெண்ணெய் இரண்டுக்கும் அதே 100 கிராம் என்றால், மாவு குறைந்த பிஸ்கட் ஓவனில் உருகித் தட்டெல்லாம் பரவிவிடும்.

கப் சரியாக இருந்தாலும் அள்ளும் கை மாறினால் எடை மாறும். மைதாவைக் கரண்டியால் தளர்வாகப் போட்டுத் தலைவழித்தால் 240 மி.லி. கப்பில் 120 முதல் 125 கிராம். கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளித் தட்டினால் 150 கிராம் வரை ஏறும். 3 கப்பில் 75 கிராம் கூடிவிட்டால் கேக் வறண்டுபோகாமல் என்ன செய்யும்? சலித்த பிறகு அளப்பதா, அளந்த பிறகு சலிப்பதா என்பதையும் குறிப்பில் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்குத்தான் மில்லியும் கிராமும் ஒன்று. அதே 240 மி.லி. கப்பில் சர்க்கரையும் பச்சரிசியும் ஏறக்குறைய 200 கிராம், பொடித்த சர்க்கரை 120, எண்ணெய் 220, தேன் 340 கிராம் பிடிக்கும்.

வெல்லத்தையும் உப்பையும் கப்பில் எழுதவே கூடாது என்பேன். உடைத்த வெல்லத்தில் இடைவெளி அதிகம். பொடித்து அமுக்கினால் அதே கப்பில் எவ்வளவோ கூடுதலாகக் கொள்ளும். அதிரசத்தில் பாகு மிஞ்சினால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஈர மாவையும் கப்பில் நம்ப முடியாது. ஊறவைக்கும் முன்பே அரிசியை நிறுத்து, 1 கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பதுபோல் எழுதுவதே சரி. ஊறுகாயில் தூள் உப்புக்குச் சொன்ன கப் அளவில் கல்லுப்பைப் போட்டால் உப்பு குறைந்து பூசணம் பிடிக்கும்.

வீட்டுக் கப்பின் அளவை அறிவது எளிது. தராசைச் சமதளத்தில் வைத்து, காலிக் கப்பை ஏற்றி, பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே அந்தக் கப்பின் மில்லி.

குறிப்பின் தலைப்பிலேயே கப்பின் மில்லியையும், மாவு, வெல்லம், உப்பு ஆகியவற்றுக்குக் கிராமையும் அச்சிட வேண்டுகிறேன். ஈஸ்ட், ஆப்பசோடா மட்டும் டீஸ்பூனிலேயே இருக்கட்டும். 1 கிராம் துல்லியமுள்ள வீட்டுத் தராசு 2, 3 கிராமைச் சரியாகக் காட்டாது. அங்கே 5 மி.லி. ஸ்பூன், தலைவழித்து என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சமையல் பயிற்சி ஆசிரியை, திருச்சி