என் வாக்கு ஏன் வாரனுக்கு: மகனுக்கு ஒரு கடிதம்

சன்னிவேல், கலிஃபோர்னியா
மார்ச் 1, 2020

அன்புள்ள கண்ணா,

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கைப் பற்றி நேற்று ராத்திரி நீ அனுப்பியதை வாசித்தேன். "வாரனுக்குப் போட்டால் அந்த வாக்கு வீண் அம்மா, பெர்னி சாண்டர்ஸுக்குப் போடு" என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வாக்குச்சீட்டு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை எலிசபெத் வாரன் பெயருக்கு நேராகத்தான் குறிக்கப் போகிறேன்.

அப்பா போன மாதமே தபாலில் அனுப்பிவிட்டார், பீட் பூட்டஜெஜுக்கு. அவர் இன்று மாலை போட்டியிலிருந்து விலகிவிட்டார். போட்ட சீட்டைத் திரும்ப வாங்க வழியில்லை, அப்பா அதிலிருந்து யாரோடும் பேசாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைசி நாள் வரை கையில் வைத்திரு என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, அரசாங்கமே பொறுப்பு, நோய் வந்தவன் பில்லைப் பார்த்துப் பயப்படக்கூடாது, இதில் உனக்கும் எனக்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. கிளினிக்கில் என் வேலையே இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுவதுதான். ஜனவரி வந்தால் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளியே கட்ட வேண்டிய தொகை, மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும், அதனால் டிசம்பரில் கூட்டம் நெரியும், ஜனவரியில் வரவேண்டியவர்கள்கூட வரமாட்டார்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். டாக்டர் எழுதிய ஸ்கேனுக்கு முன் அனுமதி இல்லை என்று, நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் எங்கிருந்தோ முடிவு செய்வார், அதைப் போனில் கேட்டு அந்த மனிதரிடம் சொல்ல வேண்டியவள் நான். நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வசதி குறைவுதான், ஆனால் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து தூக்கிக்கொண்டு ஓடினபோது யாரும் முதலில் இன்சூரன்ஸ் கார்டு கேட்கவில்லை. இப்போது இந்த கொரோனா வேறு வந்திருக்கிறது, நம் சான்டா கிளாரா கவுன்டியிலேயே பரவத் தொடங்கிவிட்டது. காப்பீடு இல்லாதவர்கள், ஒரு நாள் லீவு எடுத்தால் சம்பளம் போய்விடுகிறவர்கள், இருமல் வந்தால் என்ன செய்வார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சாண்டர்ஸைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். 2002இல் இராக் போருக்கு எதிராக வாக்களித்தவர் அவர், இப்போது எதிரே நிற்கிற ஜோ பைடன் ஆதரித்து வாக்களித்தார். 2016இல் அவர் நின்றிருக்காவிட்டால் 15 டாலர் குறைந்தபட்சக் கூலியைப் பற்றியும் கல்லூரிக் கடனைப் பற்றியும் இன்றைக்கு மற்ற வேட்பாளர்கள் இவ்வளவு பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால்தான் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை எல்லோருக்கும் ஆக்கும் மசோதாவைக் கீழவையில் கொண்டுவந்தவர், அவரே சாண்டர்ஸ் பக்கம் நிற்கிறார் என்று நீ சொன்னாய். நம் தொகுதி எம்.பி. ரோ கன்னாவும் அவருடைய பிரசாரத்தின் இணைத்தலைவர்தான். இவர்கள் எல்லாம் நான் மதிக்கிறவர்கள்.

ஆனாலும் மசோதா எழுதுவது ஒன்று, அது செனட்டைத் தாண்டுவது வேறு. அங்கே எதிர்க்கட்சி முட்டுக்கட்டை போட்டால் 100 பேரில் 60 பேர் சேர்ந்தால்தான் அதை உடைக்க முடியும். 2009 டிசம்பர் உனக்கு நினைவிருக்காது, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஒபாமாவின் சட்டத்தில் அரசாங்கமே ஒரு காப்பீட்டை விற்கும் என்ற பகுதி இருந்தது, அந்த 60இல் ஒரு ஆளான ஜோ லீபர்மன் மாட்டேன் என்றார், அவ்வளவுதான், அந்தப் பகுதியையே வெட்டி எறிந்தார்கள். இன்றைக்கும் எங்கள் மேசையில் குவிகிற பில்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. இந்த முட்டுக்கட்டை விதியையே எடுத்துவிட வேண்டும் என்று வாரன் நேராகச் சொல்கிறார். சாண்டர்ஸ் அதற்குத் தயங்குகிறார், 60 பேர் தேவைப்படாத பட்ஜெட் வழியாகக் கொண்டுவந்துவிடலாம் என்கிறார். இத்தனை பெரிய சட்டம் அந்தச் சந்துக்குள் நுழையும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வாரன் நவம்பரில் திட்டத்தை இரண்டு கட்டமாகப் பிரித்ததும் நீ பின்வாங்கல் என்று கோபப்பட்டாய். முதலில் குழந்தைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசக் காப்பீடு, 50 வயது தாண்டியவர்கள் மெடிகேரில் சேரலாம், அப்புறம் மூன்றாம் ஆண்டுக்குள் முழுச் சட்டம். முழுச் சட்டம் தள்ளிப்போகும் என்ற உன் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் கட்டம் மட்டும் நடந்தால்கூட என் கவுன்டருக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று முகம் முகமாக எனக்குத் தெரியும்.

இன்னொன்று, அவர் ஏற்கெனவே ஒன்றைக் கட்டிக் காட்டியவர். பேராசிரியராக இருந்தபோது, 2007இல், கடன் கொடுக்கிறவர்கள் மக்களை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு அலுவலகம் வேண்டும் என்று எழுதினார். 2010இல் அது சட்டமானது, அடுத்த ஆண்டு அலுவலகம் திறந்தது, சில ஆண்டுகளிலேயே ஏமாந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 1,200 கோடி டாலர் நிவாரணம் வாங்கிக் கொடுத்தது. அதற்குத் தலைவராக அவரை உட்காரவிடக் கூடாது என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் தடுத்தார்கள், அவர் போய் செனட்டுக்கு நின்று ஜெயித்தார். உன் மாநிலத்து செனட்டர் அவர், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2005 திவால் சட்டத்தில் பைடன் எந்தப் பக்கம் நின்றார், வாரன் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மட்டும் ஒருமுறை எடுத்துப் படி. உன் படிப்புக்கு வாங்கிய தனியார் கடன் திவாலானால்கூடத் தீராது என்று ஆனது அந்தச் சட்டத்தால்தான்.

வீணான வாக்கு என்கிறாயே, அதற்கு வருகிறேன். 15 சதவீதத்துக்குக் கீழே போனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதி கிடையாது என்பது உண்மை, கருத்துக்கணிப்புகளும் வாரனை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டுகின்றன. ஆனால் கலிஃபோர்னியாவின் 415 பிரதிநிதிகளில் 271 பேர் தொகுதி தொகுதியாகப் பிரிக்கப்படுகிறார்கள், மாநிலம் முழுக்க 15 வராவிட்டாலும் ஒரு தொகுதியில் வந்தால் அந்தத் தொகுதியில் கிடைக்கும். கோட்டின் மேல் நிற்கிற வேட்பாளருக்குத்தான் ஒவ்வொரு வாக்கும் கணக்கில் வரும். யாருக்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 1,991 பிரதிநிதிகள் கிடைக்காமல் ஜூலையில் மில்வாக்கி மாநாட்டுக்குப் போனால், அங்கே இரண்டாம் சுற்றில் கட்சிப் பெரியவர்கள் வாக்களிக்க வருவார்கள், அப்போது வாரனின் பிரதிநிதிகள் கையில் இருப்பது சாண்டர்ஸ் ஆட்களான உங்களுக்கும்தான் நல்லது. அதோடு, வாரன் இல்லாவிட்டால் அவர் ஆட்கள் முழுக்க சாண்டர்ஸிடம் வந்துவிடுவார்கள் என்று நீ நினைக்கிறாய். எனக்குத் தெரிந்த வாரன் பெண்களில் பாதிப்பேர் பைடனிடம் போவார்கள்.

"எனக்கு வாரன்தான் பிடிக்கும், ஆனால் பெண்ணுக்கு மற்றவர்கள் போடமாட்டார்களே" என்று நம் சிநேகிதிகள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்திரா காந்தியையும் ஜெயலலிதாவையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்! ஹிலாரி 2016இல் ட்ரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமாக வாக்கு வாங்கினார், சில மாநிலக் கணக்கில் தோற்றார். நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும், நாம் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வருவோம். இங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்று என்னையே கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கும் என்று யூகித்துச் சொல்ல நான் தயாரில்லை. நவம்பரில் யார் நின்றாலும், பைடனே நின்றாலும், ட்ரம்புக்கு எதிராகப் போடுவேன், அதில் பேச்சே இல்லை.

கமலா ஹாரிஸ் போட்டியில் இருந்தபோது அவருக்கு ஏன் நான் துடிக்கவில்லை என்று அத்தை இன்னமும் கேட்கிறாள். நம் ஊர் சியாமளா கோபாலனின் மகள் கமலா அந்த மேடையில் நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது உண்மை. ஆனால் சாண்டர்ஸின் மசோதாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் தனியார் கம்பெனிகளுக்கும் இடம் வைத்து, பத்து ஆண்டு தவணை கேட்டு வேறு திட்டம் கொண்டுவந்தார். நம் பெண் என்பதற்காக இதை நான் விட முடியாது.

நேற்று பைடன் ஜெயித்த தென் கரோலினா பற்றி நீ எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "விவரம் தெரியாமல் பைடனுக்குப் போட்டுவிட்டார்கள்" என்று எழுதினாயே, அது தப்பு. அங்கே பைடனை ஜெயிக்க வைத்தவர்கள் வயதான கறுப்பின மக்கள், அந்த மாநில எம்.பி. ஜிம் கிளைபர்ன் சொல்லைக் கேட்டவர்கள், வாக்குரிமைக்காக அடிவாங்கிய தலைமுறை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டுதான் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டமும் வந்தது, அவர்கள் நடத்திய போராட்டம் இல்லாமல் அந்தக் காற்று வீசியிருக்காது. ட்ரம்பு இன்னும் நான்கு ஆண்டு இருந்தால் முதலில் அடி யாருக்கு விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அவர்களுக்கு விவரம் தெரியாது என்று என் பிள்ளை சொல்லக் கூடாது. அவர்கள் ஏன் நம் பக்கம் வரவில்லை என்று உன் பிரசார நண்பர்களோடு உட்கார்ந்து பேசு.

இணையத்தில் வாரன் பேருக்குப் பக்கத்தில் துரோகி என்று பாம்புப் படம் போடுகிறார்களே உங்கள் ஆட்கள், அதையும் நிறுத்தச் சொல்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போவதற்கு முன்னாலேயே வாக்களித்துவிடு, ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். உனக்கு சாண்டர்ஸ்தான் என்றால் அவருக்கே போடு, எனக்குத் துளியும் வருத்தமில்லை. கூட்டத்தில் போய் வந்தால் கையை சோப்பு போட்டுக் கழுவு. வாரன் எப்போது விலகினாலும் அன்றைக்கே நான் சாண்டர்ஸுக்காகப் போன் எடுத்து உட்கார்ந்துவிடுவேன், 10ஆம் தேதி மிச்சிகன் வாக்குப்பதிவு வருகிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலை எங்கே வாங்குவது என்று மட்டும் இப்போதே எழுதி வை.

அன்புடன்,
அம்மா