சமையல் சோடாவை ஒரே அளவுப் பொட்டலமாக ஏன் விற்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போட்டிக்கு முன் குடிப்பதற்கென்று சோடியம் பைகார்பனேட்டை, அதாவது சமையல் சோடாவை, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று அளந்து கட்டித் தரும்படி உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். புரதத் தூளையும் கிரியேட்டினையும் அவ்வாறு தருகிற நாங்கள் இதற்கு மட்டும் மறுப்பது ஏன் என்ற கேள்வி நியாயமானதே. குடிப்பவரின் உடல் எடை, அவர் இறங்கப்போகும் போட்டி, அவருடைய வயிற்றின் தன்மை ஆகிய மூன்றும் தெரியாமல் இந்தப் பொருளுக்கு அளவு சொல்ல இயலாது. அதை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

பயன் உண்டா என்றால், உண்டு. இது நேற்று வந்த விளம்பரச் சரக்கு அன்று. உடலின் அமில, கார நிலை உழைக்கும் திறனை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சோர்வு ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1931-லேயே ஆராய்ந்து எழுதினார்கள். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2018-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, திறனை நேரடியாகக் கூட்டுவதற்குப் போதிய சான்றுள்ள பொருள்களாகக் காஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், பைகார்பனேட் என்ற ஐந்தையே குறிப்பிட்டது. எங்கள் அலமாரியில் இருக்கும் எத்தனையோ வண்ணப் புட்டிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பதையும் விற்பவர்களாகிய நாங்களே சொல்லிவிடுவது நல்லது.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்பது தெரிந்தால், யாருக்கு உதவும் என்பதும் தானே விளங்கும். கடுமையான முயற்சியின்போது தசைக்குள் ஹைட்ரஜன் அயனிகள் பெருகுவதால், ஓய்வில் ஏறத்தாழ 7 ஆக இருக்கும் தசையின் பிஹெச் மதிப்பு (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவுகோல்) 6.5-ஐ ஒட்டி இறங்குகிறது. தசை தளர்வதற்கு இது ஒன்றே காரணம் இல்லையெனினும், முக்கியமான காரணங்களில் ஒன்று. நாம் குடிக்கும் பைகார்பனேட் தசைக்குள் எளிதில் புகுவதில்லை. அது இரத்தத்திலேயே தங்கி, இரத்தத்தைச் சற்றுக் காரத்தன்மை கூடியதாக ஆக்குகிறது. அதனால் தசைக்கும் இரத்தத்துக்கும் இடையிலான அமில நிலை வேறுபாடு மிகுந்து, தசைச் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள், கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருளையும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தே விரைவாக வெளியே அனுப்புகின்றன. வெளியே வந்த அயனி பைகார்பனேட்டோடு கூடிக் கார்பானிக் அமிலமாகி, பின்னர் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அந்த வாயு மூச்சோடு போய்விடுகிறது. சோடா குடித்த வீரரின் இரத்தத்தில் லாக்டேட் கூடியிருப்பதைக் கண்டு பயிற்றுநர்கள் சிலர் கலங்குவதுண்டு. தசையை விட்டு வெளியேறியதுதான் அங்கே கணக்கில் ஏறுகிறது என்பதால் கலங்க வேண்டியதில்லை.

ஆகவே, அமிலம் தேங்கும் அளவுக்கு நீண்டதாகவும், அந்தக் கடுமையை இறுதிவரை விடாமல் காக்கும் அளவுக்குக் குறுகியதாகவும் உள்ள போட்டிகளிலேயே இது உதவுகிறது. ஏறத்தாழ 30 வினாடி முதல் 12 நிமிடம் வரை நீளும் முழுமூச்சு முயற்சிகள் என்று வரையறுக்கலாம். 400, 800, 1500 மீட்டர் ஓட்டங்களும், 200, 400 மீட்டர் நீச்சலும், 2000 மீட்டர் துடுப்புப் படகும், குத்துச்சண்டை, ஜூடோ போன்ற சுற்றுச் சுற்றாக நடக்கும் மோதல்களும் இதில் அடங்கும். 100 மீட்டர் ஓட்டம் அமிலம் தடையாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை உச்ச எடையைத் தூக்குபவருக்கும் இதனால் பயனில்லை. மாரத்தான் ஓடுபவர் சீரான வேகத்தில் செல்வதால், அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வயிற்றுத் தொல்லையாகவே இருக்கும். உங்கள் போட்டி இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் இதை வாங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

உதவும் இடத்திலும் அதன் அளவு சிறியதே. ஒரு நிமிடம் அளவுக்கு நீளும் கடும் முயற்சியில் ஏறத்தாழ 2 விழுக்காடு முன்னேற்றம் என்பது நம்பத்தக்க மதிப்பீடு. ஒருவருக்கு அதற்கும் குறைவாகவோ, ஒன்றுமே இல்லாமலோ போகலாம். 800 மீட்டரை 2 நிமிடத்தில் ஓடுபவருக்கு ஒரு விழுக்காடு என்பது 1.2 வினாடி. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறுவதும் பெறாமல் போவதும் அந்த இடைவெளியில் தீர்மானமாகலாம்; ஆனால் பயிற்சியே சரியாக அமையாதவருக்கு அது எந்தக் கணக்கிலும் சேராது.

இனி அளவைப் பற்றி. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம் வரை, போட்டிக்கு 1 முதல் 3 மணி நேரத்துக்கு முன் குடிப்பது வழக்கம். 50 கிலோ எடையுள்ளவர் 0.2 என்ற அளவில் தொடங்கினால் அவருக்கு வேண்டியது 10 கிராம். 90 கிலோ எடையுள்ளவர் 0.3 என்ற அளவில் எடுத்தால் 27 கிராம். இந்த இருவருக்கும் ஒரே பொட்டலத்தை எப்படிக் கட்டுவது? கரண்டியால் அளப்பதும் சரிவராது. தலைதட்டிய கரண்டிக்கும் குவித்த கரண்டிக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆகையால் கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசில் நிறுத்து எடுக்க வேண்டும். 0.3-க்கு மேல் போவதால் பயன் கூடுவதில்லை; வயிற்றுத் தொல்லை மட்டும் கூடுகிறது. இரத்தத்தில் பைகார்பனேட் உச்சத்தை எட்டும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது: ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் எட்டுவது இன்னொருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

பலர் இதைக் கைவிடுவது வயிற்றால்தான். வயிற்றில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சோடா வினைபுரிந்து உப்பும் நீரும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. ஒரு கிராம் முழுமையாக வினைபுரிந்தால் உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் வாயு வெளிவரும். வயிற்றில் அத்தனைக்கும் போதிய அமிலம் இருப்பதில்லை என்றாலும், உப்புசமும் ஏப்பமும் குமட்டலும் எங்கிருந்து வருகின்றன என்பதை இது விளக்கும். எஞ்சிய கரைசல் குடலுக்குள் நீரை இழுப்பதால் வயிற்றுப்போக்கும் நேரலாம். மொத்த அளவைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, நிறைய நீரோடும் மாவுச்சத்து மிகுந்த சிற்றுணவோடும் எடுத்தால் தொல்லை குறையும். வயிற்றைக் கடந்து குடலில் கரையும் மேலுறை இட்ட கேப்சூல்களும் உதவுகின்றன. எனினும் வயிறு முட்ட உண்ட பின்னரோ மது அருந்திய பின்னரோ பெரிய அளவை ஒரே மூச்சில் குடிக்கவே கூடாது. வாயுவின் அழுத்தத்தால் இரைப்பை கிழிந்த அரிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முதல் முறையாகப் போட்டி நாளன்று குடித்துப் பார்ப்பவருக்கு எங்களால் எந்த உதவியும் செய்ய இயலாது. பயிற்சி நாள் ஒன்றில், சிறிய அளவில் தொடங்கி, குடித்த நேரத்தையும் வயிற்றின் நிலையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோடியத்தின் கணக்கையும் மறந்துவிடலாகாது. இப்பொருளின் எடையில் ஏறத்தாழ 27 விழுக்காடு சோடியம். 60 கிலோ எடையுள்ளவர் 18 கிராம் குடித்தால் ஏறத்தாழ 4.9 கிராம் சோடியம் உள்ளே செல்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. எனவே உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் கருவுற்றோருக்கும் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் இந்த நோக்கத்துக்காக நாங்கள் இதை விற்பதில்லை. ஆஸ்பிரின், லித்தியம் போன்ற சில மருந்துகள் உடலை விட்டு வெளியேறும் வேகத்தைச் சோடா மாற்றிவிடும் என்பதால், தொடர்ந்து மருந்து உண்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். சோடியத்தோடு நீரும் உடலில் தங்குவதால், எடைப் பிரிவுப் போட்டிகளில் பங்கேற்போர் எடை பார்த்து முடிந்த பின்னரே குடிப்பது பற்றி யோசிக்கலாம்.

இது தடை செய்யப்பட்ட பொருளா என்றும் கேட்கிறீர்கள். மனிதர்களுக்கான உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இது இல்லை. குதிரைப் பந்தயத்தில்தான் தடை: குழாய் வழியாகக் குதிரையின் வயிற்றுக்குள் சோடாக் கரைசலைச் செலுத்தும் தந்திரத்தைக் கண்டுபிடிக்க, இரத்தப் பிளாஸ்மாவில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டில் சோடியம் பைகார்பனேட் என்பது மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட் வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். கேப்சூலை விரும்புவோர் ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள்: 1000 மில்லிகிராம் உள்ள கேப்சூல் என்றால், 60 கிலோ எடையுள்ளவர் முழு அளவுக்கு 18 விழுங்க வேண்டியிருக்கும். கடைக்கு வரும்போது உங்கள் உடல் எடையையும் போட்டியின் பெயரையும், மருந்து உண்பவராயின் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கொண்டுவந்தால், வேண்டிய அளவை உங்கள் எதிரிலேயே நிறுத்துக் காட்டித் தருவோம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்