முந்திப் பேசியவனின் நன்றி மடல்

அன்பான குழுத் தோழர்களுக்கும் பயிற்றுநர் அம்மாவுக்கும் வணக்கம்.

குழுவாக யோசித்துச் சிக்கல் தீர்க்கப் பழகிய நம் பட்டறை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கிளம்பும் அவசரத்தில் பொதுவாக ஒரு கும்பிடு போட்டதோடு சரி. சொல்ல வேண்டியது அப்படியே மிச்சம் இருக்கிறது.

முதலில் அம்மாவுக்கு. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய போர்டு பின். மெழுகு கீழே சொட்டாமல் மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். கார்ல் டுங்கர் என்ற உளவியலாளரின் பழைய புதிர் அது. நான் எங்கோ படித்திருந்தேன். "பின்னைக் கொட்டிட்டுப் பெட்டியைச் சுவர்ல குத்துங்க!" என்று கத்திவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "விடை தெரிஞ்சவருக்கு வேற வேலை இருக்கு" என்று, வாய் திறக்காமல் பார்க்கச் சொல்லி அடுத்த அறையில் இருந்த குழுவிடம் அனுப்பினீர்கள். பின்கள் பெட்டிக்குள் இருந்தவரை அவர்கள் மெழுகை உருக்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வந்து பின்களைக் கொட்டி வெறும் பெட்டியைத் தனியே வைத்ததும், ஒருவர் கை நேராக அதற்குப் போனது. கண்ணெதிரே இருக்கும் பெட்டி எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோபுரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ, அதாவது மெத்தென்ற மிட்டாய், நிற்கும்படி உயரமாகக் கட்ட வேண்டும். கையில் 20 ஸ்பகெட்டி குச்சி (காய்ந்த நூடுல்ஸ் மாதிரி), ஒரு கஜம் நூல், ஒரு கஜம் ஒட்டு நாடா, 18 நிமிடம். அதில் பாதியை நான் படம் போட்டு விளக்கியே தின்றுவிட்டேன். கடைசி நிமிடத்தில் உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைத்தோம், மொத்தமும் மடங்கிப் படுத்தது. "ஆரம்பத்துலயே ஒரு தடவை வெச்சுப் பாத்திருக்கலாம் தம்பி" என்று சிரித்த அண்ணனே, அந்தச் சிரிப்புக்கு நன்றி. வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இந்த மடலே முக்கியமாக, ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்காக. இரவல் போன புத்தகங்கள் திரும்பி வருவதில்லை என்ற பிரச்சினையை வாய்விட்டு அலசினோமே, அது முடிந்ததும் மெல்லச் சொன்னாய்: "நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நான் நினைச்சது மறந்துபோச்சுண்ணா." சுருக்கென்றது. டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் கண்டதும் இதைத்தான் என்று பிறகு அறிந்தேன்: கூடிப் பேசும்போது யோசனைகள் குறைவதற்குப் பெரிய காரணம், தன் முறை வரும்வரை காத்திருப்பது. ஆய்வை முன்பே படித்திருந்தாலும், அது யாரோ ஒருவனைப் பற்றியது என்று தாண்டிப் போயிருப்பேன்.

பிற்பகல் அதே பிரச்சினைக்கு 6-3-5 முறை. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாளில் மூன்று யோசனை எழுத ஐந்து நிமிடம். பிறகு தாள் அடுத்தவர் கைக்கு, இப்படி ஆறு சுற்று. யாரும் பேசக்கூடாது. முழுதும் நிரம்பினால் அரை மணியில் 108 யோசனை. எங்களுக்கு 91. என் தாளில் முதல் வரி "அபராதம்". அடுத்து அண்ணன், "அபராதம் வேண்டாம், நினைவூட்டல் போதும்". அதற்குக் கீழே தங்கை எழுதியது: "புத்தகத்துக்காகக் காத்திருப்பவர் தன் கையாலேயே ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பட்டும்." எப்படி வசூலிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, மறுமுனையில் ஒரு ஆள் காத்திருக்கிறார் என்பதே அப்போதுதான் உறைத்தது. என் அபராதம் இல்லாமல் அந்தச் சீட்டு வந்திருக்காது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அதையும் அவளே சொன்னாள், பெருந்தன்மையாக.

நேரம் பார்த்துக் கையைத் தட்டிய ஐயாவுக்கும், என் கிறுக்கல் எழுத்தைப் பொறுமையாகப் படித்து எல்லாவற்றையும் வகை பிரித்த இருவருக்கும் நன்றி.

அந்த ஆறு தாள்களும் என்னிடம்தான் இருக்கின்றன, திருப்பித் தர மறந்துவிட்டேன். வேண்டுபவர் கையால் ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
முந்திப் பேசியவன்